டவர் கூலர் மாட்டியதும் ஹேங்: பி45 நார்த்பிரிட்ஜ் சூட்டை எப்படி இறக்குவது?

காசிமேடு_ரெண்டர்:

வணக்கம். போர்டு பி45 சிப்செட் (அதோட நார்த்பிரிட்ஜ்தான் ப்ராசஸரையும் ரேமையும் இணைக்கிற சிப்), சவுத்பிரிட்ஜ் ஐசிஹெச்10ஆர். ப்ராசஸர் கோர் 2 குவாட் க்யூ6600, ஜி0 ஸ்டெப்பிங். டிடிஆர்2-800 ரேம், 2 ஜிபி ஸ்டிக் நாலு. ஸ்லாட் எல்லாம் நிறைஞ்சிருக்கு.

பொங்கல் சமயத்துல இன்டெல் பாக்ஸ் கூலரோடவே எஃப்எஸ்பி (ப்ராசஸரும் நார்த்பிரிட்ஜும் பேசிக்கிற பஸ்ஸோட வேகம்) 400, மல்டிப்ளையர் (ப்ராசஸர் அதை எத்தனை மடங்காக்குதுங்கிறது) 8 வச்சு 3.2 கிகாஹெர்ட்ஸ்ல ஓடிச்சு. எம்சிஹெச் (நார்த்பிரிட்ஜோட இன்னொரு பேரு) வோல்டேஜ் 1.20. ராத்திரி முழுக்க வீடியோ ரெண்டர் போட்டாலும் நின்னதில்ல. சித்திரையில 120 மி.மீ. ஃபேன் வச்ச டவர் கூலர் மாட்டினேன். கோர் சூடு 78லேர்ந்து 64க்கு இறங்கிடுச்சு. ஆனா அன்னையிலேர்ந்து அதே 3.2லயே ஹேங் ஆகுது.

ப்ரைம்95ல (சிஸ்டத்தை வாட்டிச் சோதிக்கிற ப்ரோகிராம்) ஸ்மால் எஃப்எஃப்டி சோதனை மூணு மணி நேரம் பிழையில்லாம ஓடுது. பிளெண்ட் சோதனை போட்டா 20, 25 நிமிஷத்துல திரை அப்படியே உறைஞ்சு நிக்குது. எம்சிஹெச் வோல்டேஜை 1.30க்கு ஏத்திப் பார்த்தேன், 12 நிமிஷத்துலயே நின்னுடுச்சு. நார்த்பிரிட்ஜ் ஹீட்சிங்க் தனியா, ரெண்டு புஷ்பின்ல நிக்குது, ஹீட்பைப் கிடையாது. அதுமேல விரல் வைக்க முடியல. ரூம் மொட்டை மாடிக்கு நேர் கீழே, மதியம் 37, 38 டிகிரி. ஜன்னலைத் திறந்தா மீன்பிடித் துறைமுகத்துக் காத்துதான்.

40 மி.மீ. ஃபேன் ஒண்ணு ஒட்டினா போதுமா? இல்ல போர்டே போகப்போகுதா?

—

பழைய_போர்டு:

போர்டு நல்லாத்தான் இருக்கு. நீங்க மாட்டின டவர் கூலர்தான் நார்த்பிரிட்ஜுக்குப் போய்க்கிட்டிருந்த காத்தை நிறுத்திடுச்சு.

பாக்ஸ் கூலர் ஃபேன் மேலேர்ந்து போர்டை நோக்கி ஊதும். அலுமினிய இதழ்களைத் தாண்டி வர்ற காத்து நாலு பக்கமும் சிதறி, பக்கத்துல இருக்கிற நார்த்பிரிட்ஜ், விஆர்எம் மாஸ்ஃபெட் (ப்ராசஸருக்கு வோல்டேஜ் குடுக்கிற பாகங்கள்), ரேம் எல்லாத்தையும் தடவிக்கிட்டுத்தான் வெளியே போகும். டவர் கூலர் போர்டுக்கு இணையா, முன்னாடியிருந்து பின்னாடி ஊதுது. ப்ராசஸர் குளிரும், அதுக்குக் கீழே போர்டு மேல காத்தே அசையாது. பி45 போர்டுகள்ல வர்ற அந்தக் குட்டி ஹீட்சிங்க், மேலே காத்து ஓடும்னு நம்பி வடிவமைச்சது.

ஸ்மால் எஃப்எஃப்டி ப்ராசஸர் கேஷுக்குள்ளயே கணக்குப் போடுறது. அது பாஸ்னா ப்ராசஸர், அதோட வோல்டேஜ் ரெண்டும் சரி. பிளெண்ட் ரேம் முழுக்கப் போய்ட்டு வரும். இந்தத் தலைமுறையில மெமரி கன்ட்ரோலர் ப்ராசஸருக்குள்ள இல்ல, நார்த்பிரிட்ஜுக்குள்ள இருக்கு. அதனால பிளெண்ட் மட்டும் விழுதுன்னா நார்த்பிரிட்ஜையோ ரேமையோ பார்க்கணும். வோல்டேஜ் ஏத்தினதும் சீக்கிரமா நின்னுதுன்னு சொன்னீங்களே, அதுதான் முக்கியமான அறிகுறி. வோல்டேஜ் பத்தாம விழுற சிப்புக்கு வோல்டேஜ் குடுத்தா கொஞ்ச நேரமாவது கூட ஓடும். சூட்டுல விழுற சிப் இன்னும் சீக்கிரம் விழும்.

காரணம் கணக்குலயே தெரியும். சிப் இழுக்கிற பவர் வோல்டேஜோட வர்க்கத்துக்கும் வேகத்துக்கும் ஏத்த மாதிரி ஏறும். பி45க்கு இன்டெல் குடுத்த டிடிபி (ஹீட்சிங்க் தாங்க வேண்டிய சூட்டளவு) 22 வாட். அதோட இயல்பு வோல்டேஜ் 1.10, எஃப்எஸ்பி 333. நீங்க வச்சது 1.30, 400. 1.30ஐ 1.10ஆல வகுத்து வர்க்கம் எடுத்தா 1.4. வேகத்துக்கு 1.2. ரெண்டையும் பெருக்கினா கிட்டத்தட்ட 1.7 மடங்கு, அதாவது 37 வாட் பக்கம் வருது. தோராயக் கணக்குதான், ஆனா காத்தில்லாத அந்த ஹீட்சிங்க் இதைத் தாங்காது.

காசு செலவு பண்றதுக்கு முன்னாடி ரெண்டு சோதனை பண்ணுங்க.

முதல்ல மல்டிப்ளையரை 6க்கு இறக்கி, எஃப்எஸ்பியை 400லயே விடுங்க. ப்ராசஸர் 2.4ல, அதாவது அதோட சொந்த வேகத்துல ஓடும், பாரம் முழுக்க நார்த்பிரிட்ஜ், ரேம் மேலதான். இதுலயும் பிளெண்ட் விழுந்தா ப்ராசஸரை மறந்துடலாம். அடுத்து அதே செட்டிங்ல கேபினெட் பக்கக் கதவைக் கழட்டிட்டு, டேபிள் ஃபேனை ஒரு அடி தூரத்துல வச்சு முழு வேகத்துல ஊத விடுங்க. 20 நிமிஷம் ரெண்டு மணி நேரமா மாறினா சூடுதான் காரணம்னு உறுதி. மாறலைன்னா ரேமை ரெண்டு ரெண்டு ஸ்டிக்கா பிரிச்சு மெம்டெஸ்ட்86+ (ரேம் சோதிக்கிற ப்ரோகிராம்) போடுங்க.

40 மி.மீ. ஃபேன் வேண்டாம். பத்துற காத்து வரணும்னா அது 5000 ஆர்பிஎம் சுத்தணும். சத்தம் ஒரு பக்கம், நம்ம தூசியில அந்தக் குட்டி ஸ்லீவ் பேரிங் ரொம்ப நாள் தாங்காது. அது நின்னுபோனா ஹீட்சிங்க் மேல மூடி போட்ட கதைதான். 80 மி.மீ. ஃபேன் 1500 ஆர்பிஎம்ல ஓடினாலே போதும். கேபினெட் சட்டத்துல கேபிள் டை போட்டு, ஹீட்சிங்குக்கு 2 செ.மீ. தூரத்துல, விஆர்எம் பக்கமும் கொஞ்சம் காத்து போற மாதிரி சாய்ச்சுக் கட்டுங்க. ஒயரைப் போர்டுல இருக்கிற சிஸ்டம் ஃபேன் பின்ல குடுங்க, ஆர்பிஎம் பயாஸ்ல தெரியும்.

இன்னொண்ணு, இது செலவே இல்லாதது. எல்ஜிஏ775 கூலர் ஓட்டைகள் 72 மி.மீ. சதுரம். டவரை 90 டிகிரி திருப்பி மாட்ட முடியும். ஃபேனைப் பிடிச்சிருக்கிற கம்பி கிளிப்பை இதழ்ல ஒரு செ.மீ. கீழே இறக்கினா, ஃபேனோட அடிப்பக்கக் காத்து இதழுக்குள்ள போகாம போர்டு மேல வழியும். நார்த்பிரிட்ஜ் உயரம் இடம் குடுத்தா இதை முதல்ல பண்ணிடுங்க.

—

சால்டரிங்_ராயபுரம்:

மேல சொன்னது சரி. ஃபேனுக்கு முன்னாடி ஹீட்சிங்குக்கு அடியில என்ன இருக்குன்னு பாருங்க. பி45 கால போர்டுகள்ல பெரும்பாலும் பிசின் மாதிரி ஒரு சாம்பல் பேட் இருக்கும். பல வருஷ சூட்டுல அது காஞ்சு ரப்பர் சில்லு மாதிரி ஆகியிருக்கும்.

பேட் எவ்வளவு கெடுக்கும்னு ஒரு கணக்கு. சிப் மேல இருக்கிற டை (சிலிக்கான் துண்டு) 10 மி.மீ. சதுரம்னு வைங்க. 22 வாட், 1 மி.மீ. பேட், வெப்பக் கடத்துதிறன் 3 (வாட்/மீட்டர்-கெல்வின்). டைக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவுல மட்டும் 73 டிகிரி வித்தியாசம் வருது. அதே இடத்துல 0.05 மி.மீ. கனத்துல கடத்துதிறன் 5 இருக்கிற பேஸ்ட் வச்சா 2 டிகிரி கொஞ்சம் மேல. கொஞ்சம் சூடு போர்டு வழியாவும் இறங்கும்ங்கிறதால நிஜத்துல 73 முழுசா வராது. ஆனா ஹீட்சிங்கைத் தொட்டா வெதுவெதுப்பா இருக்கும், உள்ளே சிப் வெந்துகிட்டிருக்கும். அந்த நிலைமையில எத்தனை ஃபேன் வச்சாலும் பிரயோஜனம் இல்ல. உங்களுக்கு விரல் வைக்க முடியாத அளவு சூடு மேல வருதுன்னா பேட் கொஞ்சமாவது கடத்துதுன்னு அர்த்தம். இருந்தாலும் மாத்துங்க.

கழட்டுறதுல அவசரம் கூடாது. பி45க்கு மேல மூடி கிடையாது, கண்ணாடி மாதிரி பளபளன்னு டை வெளியே தெரியும். ஸ்க்ரூடிரைவரை அடியில விட்டு நெம்பினா டையோட மூலை உடைஞ்சு போர்டு அங்கேயே முடிஞ்சுது. சிஸ்டத்தைப் பத்து நிமிஷம் ஓட்டி, அணைச்சு, பிளக்கைப் பிடுங்கிட்டு, சூடு ஆறுறதுக்குள்ள வேலையை ஆரம்பிங்க. பிசின் இளகி இருக்கும். போர்டை வெளியே எடுத்து, பின்பக்கம் புஷ்பின் முனையை நோஸ் பிளையரால மெல்ல அழுத்தினா பின் மேல வந்துடும். பழைய பின் உடைஞ்சா கவலை இல்ல, எப்படியும் தூக்கிப் போடப்போறோம். அப்புறம் ஹீட்சிங்கை இடமும் வலமுமா ரெண்டு மூணு டிகிரி திருகுங்க, தானா விடும்.

ஒட்டியிருக்கிறதை நகத்தாலயோ பிளாஸ்டிக் அட்டையாலயோ சுரண்டிட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைச்ச பஞ்சால துடைங்க. பாரிமுனை நைனியப்பன் நாயக்கன் தெரு கெமிக்கல் கடைகள்ல 99 சதவீதம்னு கேட்டு வாங்குங்க. மருந்துக்கடை ஸ்பிரிட்ல தண்ணி ஜாஸ்தி. பெயின்ட் டின்னர், பெட்ரோல் ரெண்டும் வேண்டவே வேண்டாம். டையைச் சுத்தி சப்ஸ்ட்ரேட் (டை உட்கார்ந்திருக்கிற தட்டு) மேல பஞ்சு மெத்தை மாதிரி ஃபோம் துண்டுகள் ஒட்டியிருந்தா பிய்க்காதீங்க. ஹீட்சிங்க் ஒரு பக்கமா சாயாம தாங்குறது அதுதான்.

ஹீட்சிங்க் அடிப்பக்கத்துல ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க. நடுவுல வெளிச்சம் ஒழுகினா குழி இருக்கு. கண்ணாடித் துண்டு மேல வாட்டர் பேப்பரை ஒட்டி, தண்ணி விட்டு, 400, 800, 1200ன்னு வரிசையா, 8 போடுற மாதிரி தேய்ங்க. பளபளப்பு முக்கியமில்ல, மட்டம்தான் முக்கியம்.

பேஸ்ட் டையோட நடுவுல ஒரு துவரம்பருப்பு அளவு. போதும். மின்சாரம் கடத்தாத சாதாரண சிலிக்கோன் வகை வாங்குங்க. திரவ உலோகம் அலுமினியத்தைத் தின்னுடும், அது இங்க ஆகாது.

புஷ்பினுக்குப் பதிலா எம்3 ஸ்க்ரூ, 25 மி.மீ. நீளம். ஓட்டையில நுழையலைன்னா எம்2.5 போடுங்க, ஓட்டையைத் துளைச்சுப் பெருசாக்கக் கூடாது, போர்டுக்குள்ள அடுக்கடுக்கா செம்புத் தடம் ஓடுது. ஸ்க்ரூ தலைக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவுல பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங் ஒண்ணு. போர்டைத் தொடுற ரெண்டு பக்கமும் நைலான் வாஷர். ரெண்டு ஸ்க்ரூவையும் மாத்தி மாத்தி அரைச் சுத்து அரைச் சுத்தா முறுக்கி, ஸ்பிரிங் பாதி அமுங்கினதும் நிறுத்துங்க. ஒரு பக்கத்தை முழுசா முறுக்கிட்டு அடுத்ததுக்குப் போனா டையோட விளிம்புலதான் எல்லா எடையும் விழும்.

ஒட்டுற தெர்மல் டேப்பை நார்த்பிரிட்ஜுக்குப் போடாதீங்க. கேபினெட் நிமிர்ந்து நிக்கும்போது சூட்டுல பசை இளகி ஹீட்சிங்க் நழுவி கிராபிக்ஸ் கார்டு மேல விழும். மாஸ்ஃபெட் மேல சின்னச் சின்னத் துண்டுக்கு மட்டும் அது சரி.

—

எண்ணூர்_ஃபேன்:

உப்பு, தூசி பத்தி யாரும் சொல்லல. வடசென்னையில பாதிப் பிரச்சனை அங்கதான்.

சாதாரண உப்பு 75 சதவீத ஈரப்பதத்தைத் தாண்டினா காத்துலேர்ந்து தண்ணியை இழுத்துக் கரையும். கடலோரத்துல ராத்திரி அந்த அளவு சர்வ சாதாரணம். இதழ் இடுக்குல படிஞ்ச தூசியில உப்பு கலந்திருக்கு, ராத்திரி ஈரமாகுது, பகல்ல சூட்டுல காயுது. அலுமினியம் மேல வெள்ளைப் பூ பூத்த மாதிரி இருந்தா அதுதான். எங்க பக்கம் அனல் மின் நிலையச் சாம்பலும் சேருது. மாவு மாதிரி நைசா இருக்கிறதால இதழ் நடுவுல கெட்டியா அடைச்சுக்கும்.

சுத்தம் பண்ண ப்ளோவர் அடிக்கிறப்போ ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்குங்க. விட்டா அதோட வேகத்துக்கு மேல சுத்திப் பேரிங் போயிடும். வெள்ளைப் பூவுக்குப் பழைய டூத் பிரஷ், ஐசோப்ரொப்பைல். ஹீட்சிங்கைத் தனியா கழட்டினா சோப்புத் தண்ணியில கழுவி வெயில்ல காய வைக்கலாம். போர்டுல இருக்கும்போது தண்ணி கூடாது. முன்பக்கம் ரெண்டு ஃபேன் உள்ளே, பின்னாடி ஒண்ணு வெளியேன்னு வச்சா உள்ளே அழுத்தம் கூடி, இண்டு இடுக்கு வழியா தூசி நுழையாது. உள்ளே இழுக்கிற ஃபேனுக்கு முன்னாடி கொசுவலைத் துண்டு கட்டலாம், ஆனா வாரம் ஒருமுறை தட்டலைன்னா காத்தையே அடைச்சிடும். ஜன்னலுக்கு நேரா கேபினெட்டை வைக்காதீங்க.

யாராவது பெல்டியர் (மின்சாரத்துல குளிர்ற தட்டு) வைங்கன்னு சொன்னா கேக்காதீங்க. மே மாசம் இங்க பனிநிலை 25 டிகிரியையே தாண்டும். அதுக்குக் கீழ குளிர்ற எதுமேலயும் தண்ணி முத்து முத்தா நிக்கும், நம்ம விஷயத்துல உப்புத் தூசி மேல.

—

புது_ரைசன்:

இடையில வர்றதுக்கு மன்னிக்கணும். பி450 போர்டு, ரைசன் 5 3600. ஓவர்க்ளாக் பண்றப்போ நானும் சிப்செட் ஹீட்சிங்கை மாத்தணுமா?

—

பழைய_போர்டு:

வேண்டாம். ஏஎம்டி 2003லயே அத்லான் 64ல மெமரி கன்ட்ரோலரை ப்ராசஸருக்குள்ள கொண்டுபோயிடுச்சு, இன்டெல் 2008ல முதல் ஐ7ல. உங்க பி450 யூஎஸ்பி, சாட்டா மாதிரி வேலைதான் பார்க்குது, 5 வாட் பக்கம். மல்டிப்ளையர் ஏத்தினா அது மேல பாரமே ஏறாது. உங்க போர்டுல சூடாகுறது விஆர்எம், காத்து அங்க போகணும். எக்ஸ்570 போர்டுகள்ல சிப்செட்டுக்கே ஃபேன் வந்ததுக்குக் காரணம் பிசிஐஇ 4.0, அது 11 வாட் பக்கம் போகும். அந்த ஃபேன்ல தூசி மட்டும் பார்த்துக்கிட்டா போதும்.

காசிமேடு நண்பருக்கு, செட்டிங் பத்திச் சொல்ல மறந்தது. 3.2க்கு ரெண்டு வழி இருக்கு. 400 × 8, இல்ல 356 × 9. ப்ராசஸருக்கு ரெண்டும் ஒண்ணுதான், நார்த்பிரிட்ஜுக்கு வித்தியாசம் பெருசு. 400ல அது 20 சதவீதம் ஓவர்க்ளாக், 356ல வெறும் 7. அதுவும் க்யூ6600க்குள்ள ரெண்டு டை, ரெண்டும் ஒரே பஸ்லதான் பேசிக்கும். நாலு ரேம் ஸ்டிக் வேற. கத்திரி முடியற வரைக்கும் 356 × 9 வைங்க. ரேம் எஃப்எஸ்பியோட 1:1ல டிடிஆர்2-712ஆ ஓடும், ரெண்டரிங்ல அந்த இழப்பு தெரியாது. பிசிஐஇயை ஆட்டோல விடாம 100ல பூட்டுங்க, இல்லைன்னா ஹார்ட்டிஸ்க் காணாமப் போறதை நார்த்பிரிட்ஜ் கோளாறுன்னு நினைச்சுக்குவீங்க. பெர்ஃபார்மன்ஸ் லெவல்னு (ரேமைப் படிக்க நார்த்பிரிட்ஜ் எடுத்துக்கிற தாமதம்) பயாஸ்ல இருந்தா அதை ஒரு எண் கூட்டித் தளர்த்துங்க, நார்த்பிரிட்ஜுக்குப் பெரிய ஆறுதல்.

எம்சிஹெச் வோல்டேஜ் 1.10லேர்ந்து ஆரம்பிச்சு 0.02 வீதம் ஏத்துங்க. பிளெண்ட் எட்டு மணி நேரம் தாங்கின இடத்துக்கு ஒரு படி மேல நிறுத்துங்க. 1.30ஐ மறந்துடுங்க.

சூடு அளக்க சாஃப்ட்வேர்ல வர்ற 'சிஸ்டம்' எண்ணை நம்பாதீங்க, சென்சார் போர்டுல எங்க இருக்குன்னு போர்டுக்குப் போர்டு மாறும். மல்டிமீட்டரோட வர்ற கே டைப் தெர்மோகப்பிள் (சூடு அளக்கிற ஒயர்) முனையை ஹீட்சிங்க் அடித்தட்டு ஓரத்துல டேப் போட்டு ஒட்டுங்க. ஐஆர் கன் (தொடாம சூடு அளக்கிறது) வச்சிருந்தா பளபள அலுமினியத்தை நேரா அளக்காதீங்க, ரொம்பக் கம்மியா காட்டும். ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதுமேல அளங்க. முழு பாரத்துல அடித்தட்டு 60க்குக் கீழ நிக்கணும், உள்ளே சிப் அதைவிடக் கூடத்தான் இருக்கும். ரூம் சூட்டையும் பக்கத்துல எழுதி வைங்க. ரூம் 14 டிகிரி ஏறினா ஹீட்சிங்கும் 14 ஏறும். தை மாசம் 24 டிகிரியில பாஸானது சித்திரைக்குச் சான்று ஆகாது.

—

காசிமேடு_ரெண்டர்:

ரெண்டு சோதனையும் பண்ணினேன். மல்டிப்ளையர் 6லயும் 18 நிமிஷத்துல நின்னுது. டேபிள் ஃபேன் வச்சதும் மூணு மணி நேரம் ஓடிச்சு, நானே நிறுத்தினேன். கழட்டினப்போ சாம்பல் பேட்தான் இருந்துது, நடுவுல டை சதுரமா பதிஞ்சு, ஓரமெல்லாம் வெடிச்சிருந்துது. இதழ் இடுக்குல வெள்ளைப் பூவும் இருந்துது. அடித்தட்டு நடுவுல லேசான குழி, 400, 800 போட்டு மட்டமாக்கினேன். பேஸ்ட், எம்3, பேனா ஸ்பிரிங், 80 மி.மீ. ஃபேன் எல்லாம் சொன்னபடியே.

இப்ப 356 × 9, எம்சிஹெச் 1.16. கறுப்பு டேப் மேல அளந்தா முன்னாடி 74, இப்ப 53, ரெண்டு தடவையும் ரூம் 37. பிளெண்ட் ஒன்பது மணி நேரம் பிழையில்லாம முடிஞ்சுது. எல்லாருக்கும் நன்றி. 400 × 9க்கு இப்ப போகலாமா?

—

சால்டரிங்_ராயபுரம்:

நார்த்பிரிட்ஜ் தாங்கும், ஆனா 3.6க்கு க்யூ6600 1.40 வோல்ட் பக்கம் கேக்கும். அந்தப் பாரம் விஆர்எம் மேல விழும். முதல்ல ஒரு தெர்மோகப்பிளை மாஸ்ஃபெட் பக்கத்துல ஒட்டி இப்ப ஓடுற 3.2ல எவ்வளவு காட்டுதுன்னு போடுங்க. மாஸ்ஃபெட் மேல ஹீட்சிங்க் இருக்கா, வெறுமனே இருக்கான்னும் சொல்லுங்க. வெறுமனே இருந்தா 3.6 வேண்டாம்.

அப்புறம், மூணு நாள் கழிச்சு ஸ்க்ரூ ரெண்டையும் ஒருமுறை தொட்டுப் பாருங்க. பேஸ்ட் பரவி கனம் குறைஞ்சதும் ஸ்பிரிங் கொஞ்சம் தளர்ந்திருக்கும், கால் சுத்து முறுக்கினா போதும்.